கம்ப்யூட்டரைக் கேட்டு மாத்திரையை நிறுத்தலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் முதலில் தேடுவது சினிமாவும் பாட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, ஒரு வாரத்திற்குள் சுகர், பிரஷர், மூட்டு வலி என்று டைப் செய்ய ஆரம்பித்து விடுகிறோம். தேடுவதில் தவறில்லை. கிடைத்ததை வைத்து என்ன செய்கிறோம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா குன்னம் பக்கத்துக் கிராமத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் போடுகிறவர். பத்து வருடங்களாகச் சுகர் மாத்திரை சாப்பிட்டு வந்தார். வரகு சாப்பிட்டால் மாத்திரையே வேண்டாம் என்று ஒரு வெப்சைட்டில் படித்தேன். பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் வரகு புதிதல்ல. அப்பா சிறு வயதில் அதைச் சாப்பிட்டு வளர்ந்தவர். மகிழ்ச்சியோடு அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அப்பா மூன்று வேளையும் வயிறு நிறைய வரகுச் சோறு சாப்பிட்டார். என்னிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் கழித்து ஹெச்பிஏ1சி பரிசோதனை எடுத்தோம். கடந்த இரண்டு, மூன்று மாதங்களின் சர்க்கரை நிலையைச் சராசரியாகக் காட்டும் பரிசோதனை இது. 7.2 ஆக இருந்தது 9.8 ஆகிவிட்டது. "ஏம்ப்பா, நீதானே காகிதம் குடுத்தே?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

வரகு கெட்டதா? இல்லை. 100 கிராம் தீட்டிய அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். வரகில் சுமார் 66 கிராம். நார்ச்சத்து அரிசியைவிட இரு மடங்கு. எனவே அரிசிக்குப் பதில் அளவாகச் சாப்பிட்டால் நல்லதுதான். ஆனால் அது உணவு, மருந்து அல்ல. வெப்சைட்டில் பாதி உண்மை இருந்தது. அந்தப் பாதிதான் என்னை ஏமாற்றியது.

இப்போது எந்த யோசனையைப் படித்தாலும் ஒரு கேள்வி கேட்கிறேன்: இது தவறாக இருந்தால் என்ன இழப்பு? ஓரளவு நடக்கக் கூடியவர் தினமும் அரை மணி நேரம் நடந்தால் பெரிய இழப்பு இல்லை, செய்து பார்க்கலாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னால் இழப்பு கண்ணாகவோ சிறுநீரகமாகவோ இருக்கலாம். டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

கருவிகள் வாங்கும்போதும் இதே கேள்விதான். ஊசி குத்தாமலே ரத்தச் சர்க்கரையைக் காட்டும் கைக்கடிகாரம், மோதிரம் என்று விளம்பரங்கள் வருகின்றன. இவற்றை நம்ப வேண்டாம், இப்படிப்பட்ட எதற்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

செயற்கை நுண்ணறிவும் விதிவிலக்கு அல்ல. அமெரிக்காவில் 60 வயதுக்காரர் ஒருவர் சாட்ஜிபிடியிடம் கேட்டுவிட்டு, சமையல் உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடை மூன்று மாதம் பயன்படுத்தினார். மனம் குழம்பிய நிலையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 2025 இல் மருத்துவ இதழ் ஒன்றில் இது வெளியானது.

"டாக்டர் இரண்டு நிமிடம்கூடப் பேசுவதில்லை, கம்ப்யூட்டர் பொறுமையாகப் பதில் சொல்கிறது" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் உடம்பைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. அதைத் தெரிந்து வைத்திருக்கும் வேலைக்குக் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள் என்பதே என் கருத்து.

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் திறந்து கொள்ளுங்கள். தேதி, நேரம், சாப்பிட்டது, சர்க்கரை அளவு, மாத்திரை என ஐந்து காலங்கள் போதும். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் கை கழுவித் துடைத்துவிட்டு எடுங்கள். தரமான மீட்டரிலும் 15 சதவீதம் வரை வித்தியாசம் வரலாம். அதாவது 180 என்றால் உண்மை அளவு 160 ஆகவும் இருக்கலாம், 200 ஆகவும் இருக்கலாம். எனவே ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரு மாதத்து எண்களை சார்ட் ஆக்கிப் பாருங்கள். ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது தெரியும்.

அந்த ஒரு பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து டாக்டரிடம் கொடுங்கள். அவர் பேசும் இரண்டு நிமிடமும் பயன்படும். அரியலூரில் 2022 இல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. கேட்க ஆள் இல்லாத ஊர் அல்ல நம்முடையது.

அப்பா இப்போதும் வரகு சாப்பிடுகிறார். இரவில் மட்டும், அளவாக, மாத்திரையோடு. நான் இப்போதும் அவருக்குப் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் அதில் இருப்பது அவருடைய எண்கள் மட்டுமே.