அளவைப் படம் யாருடையது?

கூட்டுறவுச் சங்கத்தின் கட்டடத்திற்குள் இருக்கும் பொருள்களில் பெரும்பகுதி அங்கத்தினர்களுடையது. இரும்புப் பெட்டகத்தில் இருப்பது அவர்கள் வீட்டு நகை. கிட்டங்கியில் அடுக்கியிருப்பது மானாவாரிக் குடியானவர் ஈடு வைத்த உளுந்தும், பாசியும், மிளகாய் வற்றலும், பருத்தியும். நெசவாளர் சங்கத்து அறையில் இருப்பது நாளை பாவோட வேண்டிய நூலும், நேற்றுத் தறியிலிருந்து இறங்கிய சேலையும். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு, கூட்டுறவு நிறுவனங்களில் 5 சவரன் வரை அடகு வைத்தோரின் நகைக் கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது, ஏழை எளிய குடும்பங்களின் நகை எத்துணை அளவில் நம் சங்கங்களை நம்பி ஒப்படைக்கப்பட்டிருக்கின்றது என்பதை நாடு கண்டது. இவ்வாறு நம்பி வைத்த பொருளுக்குத் தக்க காவல் செய்வது சங்கத்தின் முதற்கடமையாகும்.

அக்காவலின் பொருட்டுக் கண்காணிப்புக் கேமராவும், கதவு திறந்தால் ஒலிக்கும் அபாய மணியும் பொருத்த முற்படும் சங்கங்கள், எந்தக் கேமரா, என்ன விலை என்று ஆராய்வதற்கு முன்னர், இடத்தை அளந்து திட்டமிடும் வேலை ஒன்று உண்டு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். அவ்வேலைக்கு இந்நாளில் கைப்பேசியிலும் டேப்லெட்டிலும் இயங்கும் செயலிகள் வந்துள்ளன. அவற்றுள் எதனைத் தேர்வது, எந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்துத் தேர்வது என்பது பற்றி அங்கத்தினர்கள் முன் நம் கருத்தை வைக்க விரும்புகின்றோம்.

அளவையின்றி வேலை நடந்தால் விளைவது என்ன? ஒப்பந்தக்காரர் வருகின்றார், வாசலில் நின்று நாற்புறமும் பார்க்கின்றார், எட்டுக் கேமரா போதும் என்கின்றார். மற்றொருவர் வந்து பதினாறு என்கின்றார். ஒருவர் தொகை குறைவு, மற்றவர் தொகை அதிகம். எட்டு எதனால் போதும், பதினாறு எதனால் வேண்டும் என்று நிர்வாகக் குழுவால் சொல்ல இயலாது. ஒரே அளவைப் படத்தை இருவரிடமும் கொடுத்து விலை கேட்டால்தான் இரண்டு விலைப்புள்ளிகளையும் ஒரு தராசில் வைத்து நிறுக்க முடியும்.

செயலி செய்யும் வேலை விளங்கிக்கொள்ளக் கடினமானதன்று. அமெரிக்காவின் ஆஸ்டின் நகரிலிருந்து வரும் சிஸ்டம் சர்வேயர் என்னும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். கட்டடத்தின் தரைப்படத்தைத் திரையில் விரித்து, கேமரா, கதவு உணரி முதலியவற்றின் குறிகளை விரலால் இழுத்து உரிய இடத்தில் வைத்தால், கேமரா பார்க்கும் பரப்பு விசிறிபோலப் படத்தில் விரிகின்றது. அந்தந்த இடத்தைப் புகைப்படம் எடுத்து அக்குறியோடு சேர்த்து வைக்கலாம். ஸ்வீடன் நாட்டு ஆக்சிஸ் நிறுவனம் சைட் டிசைனர் என்னும் கருவியைக் கட்டணமின்றித் தருகின்றது. ஆயினும் அது தன் நிறுவனத்துச் சரக்கை வைத்தே திட்டமிடத் தருவது. ஜே.வி.எஸ்.ஜி. நிறுவனத்தின் மென்பொருள் மேசைக் கணினியில் இயங்கி, கேமராவின் பார்வையை முப்பரிமாணமாகக் காட்டுகின்றது. ஒவ்வொன்றிற்கும் அதனதன் பயன் உண்டு.

இக்கருவிகளால் பெறும் மெய்யான நன்மை கணக்கேயாகும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான அனைத்துலகத் தரநூலின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு ஓர் அளவை வகுத்தது. முன்பின் அறியாத ஒருவரை ஐயமற அடையாளம் காண, காட்சியின் ஒவ்வொரு மீட்டர் அகலத்திற்கும் 250 படப்புள்ளிகள் வேண்டும். அறிந்த முகத்தை இன்னாரென உணர 125 வேண்டும். சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவின் படத்தில் குறுக்காக உள்ள புள்ளிகள் 1,920. அதனை 250 ஆல் வகுத்தால் 7.68 மீட்டர். அக்கேமராவை 30 மீட்டர் நீளமுள்ள கிட்டங்கியின் முகப்பு முழுவதையும் பார்க்கும்படி வைத்தால் மீட்டருக்கு 64 புள்ளிகளே கிட்டும். ஒருவர் மூட்டை தூக்கிச் சென்றார் என்பது தெரியும். அவர் யார் என்பது தெரியாது. களவு நடந்த பின் இதனை அறிந்து பயன் யாது?

பதிவைச் சேமிப்பதற்கும் இவ்வாறே கணக்கு உண்டு. நொடிக்கு 2 மெகாபிட் வீதம் அனுப்பும் ஒரு கேமரா நாளொன்றுக்கு 21.6 கிகாபைட் எழுதும். 30 நாளில் 648. எட்டுக் கேமராவுக்கு 5 டெராபைட்டுக்கு மேல். வாங்கிய வட்டு சிறியதாயின் பழைய பதிவு தானே அழிந்துவிடும். நல்ல செயலி இக்கணக்குகளை வாங்குமுன்பே காட்டவேண்டும்.

எனினும், எந்த நாட்டுச் செயலிக்கும் நம் மண் தெரியாது. கரிசல் மண் மழையில் பருத்து, கோடையில் சுருங்கி வெடிக்கும் இயல்புடையது. மேலோட்டமாக நட்ட கம்பம் நாளடைவில் சாயும்; கம்பம் சாய்ந்தால் கதவைப் பார்க்கவேண்டிய கேமரா கூரையைப் பார்க்கும். மண்ணில் புதைத்த குழாய் மூட்டுவிட்டு உள்ளிருக்கும் கம்பி இழுபடும். ஆகவே கம்பத்தின் அடித்தளம் வெடிப்பு எட்டாத ஆழத்திற்குச் செல்லவேண்டும். இயன்ற இடத்தில் சுவரிலேயே கேமராவைப் பொருத்துவது நலம். அலுவலகத்திற்கும் கிட்டங்கிக்கும் இடையே 100 மீட்டருக்கு மேல் தூரமிருந்தால் சாதாரணச் செம்புக் கம்பி வடம் உதவாது. கண்ணாடி இழை வடம் வேண்டும். ஐப்பசி இடிக்கும் மின்தடைக்கும் ஏற்பாடு தனியே வேண்டும். இவற்றையெல்லாம் அளப்பவர் தம் கண்ணால் கண்டு, அந்தந்தக் குறியின் கீழ்த் தமிழில் எழுதிவைக்கச் செயலியில் இடமிருக்க வேண்டும். அதற்கு இடந்தராத செயலி எவ்வளவு அழகாக வரைந்தாலும் நமக்கு உதவாது.

இனித் தேர்வுக்குரிய உரைகற்களைக் கூறுவோம். முதலாவது, அலைத்தொடர்பு இல்லாத இடத்திலும் செயலி வேலை செய்யவேண்டும். தடித்த சுவருள்ள கிட்டங்கிக்குள் நின்று தொடர்புக்குக் காத்திருக்க இயலாது. இரண்டாவது, ஒரே நிறுவனத்தின் சரக்கை வாங்கும்படி அது நம்மைக் கட்டிப்போடலாகாது. மூன்றாவது, முடிந்த படத்தையும் சாதனப் பட்டியலையும் எந்தக் கணினியிலும் திறந்து பார்க்கக்கூடிய கோப்பாக எடுத்துத் தரவேண்டும். நான்காவது, மாதச் சந்தா கட்டும் செயலியாயின், சந்தா நின்ற மறுநாள் நம் படம் நம் கையில் இருக்குமா என்று முன்னரே கேட்டு எழுத்தில் பெறவேண்டும்.

இந்நான்கிற்கும் மேலான கேள்வி ஒன்று உண்டு. அளவைப் படம் யாருடையது?

நிலமுள்ள அங்கத்தினர் யாவரும் புலப்படத்தை அறிவர். நிலத்தைச் சங்கிலி பிடித்து அளந்த அளவர் மாறிப் போவார். படம் ஆவணத்தில் நிற்கும். வரப்புத் தகராறு வரும் நாளில் அதுவே சாட்சி சொல்லும். ஆனால் சங்கத்தின் காவலைக் காட்டும் படமோ ஒப்பந்தக்காரரின் கைப்பேசியிலும், எங்கோ அயல்நாட்டில் உள்ள கணினியிலும் மட்டும் தங்கிவிடுமாயின், அவர் தொழிலை விட்டுவிட்டால் பழுது பார்க்கவும் வழியில்லை.

இதனினும் பெரிய இடர் வேறொன்று. பெட்டகம் எங்கே, எந்தக் கேமரா எதைப் பார்க்கின்றது, எந்த மூலையை எதுவும் பார்க்கவில்லை, அபாய மணிக்கு மின்சாரம் எவ்வழியே வருகின்றது என்பவை அனைத்தும் அப்படத்தில் உள்ளன. அதனைக் கையில் பெற்ற கள்வனுக்கு வேறு துப்புத் தேவையில்லை. ஆகவே அந்தப் படமும் பெட்டகத்தின் ஒரு சாவியே என்று கொள்ளவேண்டும். நகைப் பெட்டகத்தை ஒருவரே திறக்கவொண்ணாதபடி இரு சாவி வைத்து, இருவரிடம் ஒப்படைப்பது கூட்டுறவில் வழங்கும் நல்வழக்கம். கையால் தொடும் சாவிக்கு இத்துணை எச்சரிக்கை காட்டும் நாம், திரையில் தெரியும் சாவியைக் கேட்பாரற்று விடுவது எவ்விதம் பொருந்தும்? 2024ஆம் ஆண்டில் ஒன்றிய அரசு அறிவித்து, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, கண்காணிப்புக் கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறவேண்டியுள்ளது. கேமராவுக்கே சோதனை உண்டெனில், எல்லாக் கேமராக்களின் இருப்பிடத்தையும் காட்டும் படத்திற்குக் காவல் வேண்டாவா?

‘நம்முடையது சிறிய சங்கம், மூன்று கேமராவுக்குச் செயலி எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. அத்தகைய சங்கத்திற்கு அளவு நாடாவும் கட்டம் போட்ட தாளும் போதும். தாளில் வரைந்த படமும் அளந்து வரைந்ததாக, சங்கத்தின் பொறுப்பில் பூட்டி வைத்ததாக இருக்கவேண்டும் என்பதே நம் கருத்து. பெரிய கட்டடமும் கிட்டங்கியும் உள்ள சங்கங்கள் தனித்தனியே சந்தா கட்டவேண்டியதுமில்லை. 2022ஆம் ஆண்டில் ஒன்றிய அமைச்சரவை 63,000 தொடக்க வேளாண் கடன் சங்கங்களின் கணக்கைப் பொது மென்பொருள் ஒன்றன்கீழ்க் கொணரும் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அத்துணைச் சங்கங்கள் ஒரு மென்பொருளைப் பகிர்ந்துகொள்ளக் கூடுமாயின், கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் அண்டையிலுள்ள ஐந்தாறு சங்கங்கள் ஒரு டேப்லெட்டையும் ஒரு சந்தாவையும் கூடி வாங்கி, படித்த இளைஞர் ஒருவரைப் பயிற்றுவித்து, முறைவைத்து அளந்துகொள்வது அரிதோ? ஆயினும் ஒரு சங்கத்தின் படம் மற்றொரு சங்கத்தாரின் கண்ணிற் படாதவாறு தனித்தனிக் கணக்கு வைத்தல் இன்றியமையாதது.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்கள் வரட்டும். அளவைப் படமின்றி விலைப்புள்ளி கேட்பதில்லை என்பது ஒன்று. படமும் பட்டியலும் கடவுச்சொற்களும் சங்கத்திடம் ஒப்படைக்கப்பட்ட பின்னரே ஒப்பந்தக்காரருக்குக் கடைசித் தவணை என்பது இரண்டு. அப்படத்தை இருவர் பொறுப்பில் பெட்டகத்துள் வைத்து, ஊழியரோ ஒப்பந்தக்காரரோ மாறும்போதெல்லாம் கடவுச்சொல்லை மாற்றுவது என்பது மூன்று. இவற்றிற்குச் செலவு சிறிதே; வேண்டுவது கவனம். 1904ஆம் ஆண்டில் திரூரில் முதற்சங்கம் தோன்றியது முதல் நம் இயக்கத்தின் மூலதனம் அங்கத்தினரின் நம்பிக்கையே. அந்த மூலதனத்திற்குரிய காவலைப் பற்றி அங்கத்தினர்கள் தம் சங்கத்தில் எழுந்து கேட்பார்களாக. நிர்வாகிகள் விடை கூறுவார்களாக.