விண்வெளிப் பிரயாணமும் மறைந்த கணக்கும்

மனிதரை விண்வெளிக்கு அனுப்பலாகாதென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கணக்கு உண்மையாயிருக்க வேண்டும். அமெரிக்க விண்வெளி ஓடங்கள் 1981 முதல் 2011 வரை 135 முறை சென்றன. 1986-ல் சாலஞ்சரும் 2003-ல் கொலம்பியாவும் நாசமாகி 14 பேர் மாண்டனர். லட்சம் பிரயாணத்தில் ஒன்றே அபாயமென்று நாஸா மேலதிகாரிகள் கூறிவந்தனர். எஞ்சினீயர்களோ நூற்றில் ஒன்றென்றே கருதினர். சாலஞ்சர் விசாரணையில் இதை அம்பலப்படுத்தியவர் விஞ்ஞானி பெயின்மன். குளிரில் ரப்பர் வளையம் இறுகிப் பயனற்றுப் போகுமென்று முந்தின இரவே எஞ்சினீயர்கள் எச்சரித்தும் பலிக்கவில்லை! செலவிலும் இதே கதைதான். சந்திரனை நோக்கிய ஆர்ட்டெமிஸின் முதல் நான்கு பிரயாணங்களுக்குத் தலா 410 கோடி டாலராகுமென்று 2022-ல் நாஸாவின் தணிக்கைத் தலைவரே அமெரிக்கக் காங்கிரஸில் தெரிவித்தார். இவ்விரு கணக்கையும் வரி கொடுக்கும் ஜனங்கள் முன்கூட்டியே கேட்டால், அதைக் கோழைத்தனமென்று பரிகசிப்பது எந்த நியாயம்?