படிப்பு ஏறவில்லையா, ஏற்றவில்லையா?

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் ஊரில் மாலை வேளையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர அமர்ந்தபோது, ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் தமிழ் நோட்டை என்னிடம் நீட்டினாள். முத்து முத்தான கையெழுத்து. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியரின் சிவப்பு மைக் கையொப்பம். "இதைக் கொஞ்சம் படித்துக் காட்டம்மா" என்றேன். தலை கவிழ்ந்தது; பேச்சில்லை. தான் எழுதியதைத் தானே படிக்க இயலாத பிள்ளை அவள். கரும்பலகையில் இருந்ததை, அடுத்த வீட்டுக் கோலத்தைப் பார்த்துப் போடுவதுபோல, வளைவு வளைவாகப் பார்த்து வரைந்திருக்கிறாள். அதற்குத்தான் ஐந்தாண்டுகளாகக் கையொப்பம் விழுந்திருக்கிறது. தாயாரை விசாரித்தேன். "அவளுக்குப் படிப்பு ஏறலைங்க ஐயா. டீச்சரே சொல்லிட்டாங்க" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தின் மீதுதான் என் வழக்கு. ஆசிரியரும் பெற்றோரும் நாமும் கூசாமல் சொல்லிப் பழகிவிட்ட வாக்கியம் இது. மருந்து கேட்கவில்லை என்றால் மருத்துவரை மாற்றுகிறோம். விதை முளைக்கவில்லை என்றால் மண்ணையும் நீரையும் பார்க்கிறோம். படிப்பில் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது எப்போதும் பிள்ளைதான். எந்த முறையில் கற்பித்தீர்கள் என்று எவரும் கேட்பதில்லை.

இது ஓரிரு பிள்ளைகளின் கதையன்று. நாடெங்கும் கிராமப்புற வீடுகளுக்கே சென்று பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் 'அசர்' ஆய்வின்படி, தமிழகத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர் 2018இல் நூற்றுக்கு ஏறத்தாழ 41 பேர். பள்ளிகள் மூடிக்கிடந்த பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின், 2022இல் அது 25ஆகச் சரிந்தது. சரிவுக்குப் பெருந்தொற்றைக் காரணம் காட்டுவோர் 2018ஆம் ஆண்டின் எண்ணுக்கு என்ன காரணம் காட்டுவர்? பள்ளிகள் திறந்திருந்த காலத்திலேயே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வாசிக்கவில்லை. பாதி வகுப்புக்குப் 'படிப்பு ஏறவில்லை' எனில், குறை ஏற்றிய விதத்தில் இருக்கிறதென்று ஐயுறுவதே நேர்மை.

தமிழ் எழுத்து 247 என்று பெருமையாகச் சொல்கிறோம். ஐந்து வயதுக் குழந்தைக்கு அது பெருமையன்று, மலை. ஆனால் அந்த மலைக்குப் படிக்கட்டு உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய்க் குறிகள் சில. இவற்றின் சேர்க்கையைப் புரிந்துகொண்ட பிள்ளை எஞ்சிய எழுத்துகளைத் தானே கூட்டிக்கொள்ளும். இந்தச் சேர்க்கையை விளக்கிச் சொல்வதே முறை. நம் வகுப்புகள் பலவற்றில் நடப்பது என்ன? 'க, கா, கி, கீ' என்று வரிசையை ராகம் போட்டு ஒப்பிக்கச் செய்கிறோம். வரிசையில் கேட்டால் பிள்ளை மணிபோல் சொல்லும். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால், 'க'விலிருந்து தொடங்கி வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வந்துதான் அதைப் பிடிக்கும். இது பாட்டு, வாசிப்பு அன்று.

வரிசை சொல்லித்தராத நுணுக்கங்கள் வேறு உள்ளன. 'கடல்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் எழுத்து ஒரே 'க'. ஓசையோ மூன்று விதம். 'கொ' என்று எழுதும்போது உயிரோசையின் குறி மெய்க்கு முன்னும் பின்னுமாகப் பிரிந்து நிற்கிறது. காதில் பின்னால் கேட்கும் ஓசை கண்ணில் முன்னால் நிற்கும் இந்தப் புதிரை எத்தனை பள்ளிகளில் வாய்விட்டு விளக்குகிறார்கள்? விளக்காமல் விட்டுவிட்டு, பிள்ளை தடுமாறினால் 'மக்கு' என்கிறோம்.

வீரமாமுனிவர் இங்கு நினைவுக்கு வருகிறார். பதினெட்டாம் நூற்றாண்டில் அவர் நம் ஏடுகளைக் கையிலெடுத்தபோது, எகர ஒகரங்களைக் குறிலா நெடிலா என்று பிரித்தறிய வழியில்லாதிருந்தது. எழுத்தாணியால் புள்ளி வைத்தால் ஓலை பொத்துவிடும் என்று எழுதுவோர் புள்ளியை விட்டுவிடுவர். படிப்பவர் இடம் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டும். வேற்று மண்ணிலிருந்து வந்து தமிழைக் கற்றவர் ஆதலால் அந்தத் தடுமாற்றத்தை அவரும் பட்டிருப்பார். படிப்பவரை அவர் பழிக்கவில்லை. கொம்பைச் சுழித்து நெடிலுக்குத் தனி அடையாளம் தந்து எழுத்தையே திருத்தினார். 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, லை, ணை முதலியவற்றின் பழைய வடிவங்களை மாற்றியதும் அதே வழிதான். இடறும் கல்லை எடுத்தெறிந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாம். இன்று இடறி விழுந்த பிள்ளையைத் திட்டுகிறோம்.

இன்னொரு பழங்கதையும் உண்டு. 1789இல் சென்னை எழும்பூர் ஆண் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஆங்கிலிக்கக் குரு, ஒருநாள் நம் நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். தம் இல்லத்து ஆசிரியர்களிடம் அவ்வாறே செய்யச் சொன்னார். அவர்களோ அது நடவாது என்றனர். எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் அப்பொறுப்பை ஒப்படைத்தார், நடந்தது! பெல் தம் அனுபவத்தை 1797இல் நூலாக வெளியிட, 'சென்னை முறை' என்ற பெயருடன் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. ஆசிரியர் தொகையோ கட்டடமோ அன்று மாறிவிடவில்லை. முறை ஒன்றுதான் மாறியது. (நம் திண்ணைப் பள்ளியின் மற்றொரு சொத்தாகிய பிரம்பை மட்டும் நாம் நெடுங்காலம் பத்திரமாகக் காத்து வந்தோம்.)

முறையை மாற்றும் முயற்சியே தமிழகத்தில் நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஆசிரியரை நாற்காலியிலிருந்து இறக்கிப் பாயில் அமர்த்தியது; பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை வைத்தது; ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி ஏறலாம் என்றது. அச்சம் அகன்றது, அது சிறிய வெற்றி அன்று. ஆயினும் நான் கண்ட வகுப்புகள் சிலவற்றில் அட்டைகளே ஆசிரியராகிவிட்டன. பிள்ளை படத்தைப் பார்த்து, 'மரம்' என்று வாசிப்பதாக நடித்து, அடுத்த அட்டைக்குப் போயிற்று. படத்தை மறைத்தால் எழுத்து ஊமை. ஓசையையும் எழுத்தையும் இணைத்துக் காட்டும் வேலையை எந்த அட்டையும் ஆசிரியருக்காகச் செய்யாது. பின்னர் 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது. கொள்கை செம்மையானது. வகுப்பைப் பார்க்காமல் பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கற்பித்தால் பலன் உண்டென்பதை, மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய பிள்ளைகளுக்கு உள்ளூர் இளம் பெண்களைக் கொண்டு பாடம் நடத்திய 'பால்சகி' திட்டத்தின் ஆய்வு 2007இலேயே காட்டிற்று. ஆனால் ஒரு முறை ஆசிரியரின் கைக்குப் பழகுமுன் அடுத்த முறையைத் திணிப்பதும், கற்பிக்கும் நேரத்தைப் பதிவேடுகள் தின்பதும் நம் துறையின் தீராத நோய்.

எட்டாம் வகுப்புவரை எல்லாரையும் தேர்ச்சி பெறச் செய்வதுதான் கேட்டுக்கெல்லாம் மூலம் என்று வாதிடுவோர் நம்மிடையே பலர். வாதம் கேட்க நன்றாயிருக்கிறது. ஒரு முறையால் ஓராண்டில் கற்காத பிள்ளையை அதே வகுப்பில், அதே முறையில், இன்னோராண்டு உட்கார வைப்பதால் என்ன விளையும்? அவமானம் விளையும். ஒன்பதாம் வகுப்பைக் காணாமலே அது வேலைக்குப் போய்விடும்.

எழுத்தின் கதை வாசிப்பைவிடப் பரிதாபம். 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை. மாமல்லபுரத்தைக் கண்ணால் காணாத நாற்பது பிள்ளைகள், உரைநூலில் உள்ளபடி, ஒரே சொற்களில் மாமல்லபுரத்தை வியக்கிறார்கள். சொந்தமாக எழுதினால் பிழை வரும், பிழை வந்தால் மதிப்பெண் குறையும்; ஆகவே மனப்பாடம். ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்துவிட்டால் இதிலிருந்து தப்பலாம் என்று எண்ணும் நம் குடும்பங்கள் அங்குள்ள நோட்டுகளையும் ஒருநாள் புரட்டட்டும். வீட்டில் எவரும் பேசாத மொழியில், பொருள் விளங்காத வாக்கியங்களை, அங்கும் பிள்ளை பார்த்து வரைந்துகொண்டுதான் இருக்கிறது. கட்டணம் மட்டுமே கூடுதல். நம்மவர் நடத்தும் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல என்பதைச் சொல்லாமல் விட்டால் என் வழக்கு பொய்யாகிவிடும்.

அந்தச் சிறுமிக்கு வருகிறேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டு, "இன்று வீட்டில் என்ன விசேஷம்?" என்று கேட்டேன். "எங்க ஆடு குட்டி போட்டுச்சு" என்றாள். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். அதையே எழுதிக் காட்டினேன். 'ஆடு' என்பதை ஆ, டு என்று பிரித்தோம். அந்த 'டு' வீட்டிலும் மாட்டிலும் இருப்பதை அவளே கண்டுபிடித்தாள். 'குட்டி'யின் புள்ளி வைத்த 'ட்' ஏன் நாக்கை அழுத்துகிறது என்று சொல்லிப் பார்த்தோம். அது தட்டிலும் பெட்டியிலும் அகப்பட்டது. நாளும் அரைமணி நேரம். நான்காம் மாத இறுதியில், எவரையும் கேளாமல், எதையும் பாராமல், அவள் நோட்டில் மூன்று வரி எழுதினாள்: குட்டிகள் இரண்டு என்றும், ஒன்று செத்துப்போனது என்றும், அம்மா அழுதாள் என்றும். நான்கு எழுத்துப் பிழைகள். வாசித்துக் காட்டச் சொன்னேன். விரல் வைத்து வாசித்தாள்.

மறுநாள் தாயார் அந்த நோட்டோடு வந்து நின்றார். முகத்தில் கவலை.

"என்னங்க ஐயா, இவ கையெழுத்து இப்படிக் கெட்டுப்போச்சே!"