நம்மவர்க்குள் நாணயம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயம். மனத்தில் இருக்க வேண்டிய நேர்மையும் நாணயம். காசு கைமாறும் இடமெல்லாம் நேர்மையும் உடனிருக்க வேண்டும் என்று கருதித்தான் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறோமோ என்று எண்ணத் தோன்றுகிறது. கடைக்காரரிடம் நாணயத்தை எதிர்பார்க்கிறோம். அதிகாரிகளிடமும் அரசியல்வாதிகளிடமும் எதிர்பார்த்து ஏமாந்து மேடையேறி முழங்குகிறோம். ஆனால் நாள்தோறும் ஒரே பெஞ்சில் அமரும் நமக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலில் அது எவ்வளவு இருக்கிறது?

ஆண்டுதோறும் கல்லூரி திறக்கும் வேளையில் நம்மிடையே ஒரு சந்தை கூடுகிறது. அதற்குக் கொட்டகை இல்லை; சுங்கம் இல்லை; தரகர் இல்லை. படிப்பை முடித்துப் போகிறவர்கள் பாடநூல், கால்குலேட்டர், லேப் கோட், சைக்கிள், கைப்பேசி என விற்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் வாங்குகிறார்கள். முன்பெல்லாம் அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் சீட்டு ஒட்டுவார்களாம். இன்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு வருகிறது. இச்சந்தைக்கு ஒரே மூலதனம்தான். அது "நம்ம காலேஜ்தானே" என்னும் நம்பிக்கை.

இருநூறு, ஐந்நூறு ரூபாய்ச் சங்கதிக்கு ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கக்கூடும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வகுத்து 2022இல் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டமும், 2024இல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. மாதம் ஆயிரம் என்பது ஓர் அரசே எண்ணிப் பார்த்துக் கொடுத்த தொகை. அப்படியானால் 500 ரூபாய்க்கு வாங்கிய கால்குலேட்டர் மூன்றாம் நாள் நின்றுபோனால் பாதி மாதம் நின்றுபோயிற்று என்றுதான் பொருள். நம் கல்லூரியில் ஐந்நூறு ரூபாய் சிறிய தொகை அன்று.

சந்தையும் வகுப்பறையும்

பொள்ளாச்சியிலோ மணப்பாறையிலோ மாட்டுச் சந்தைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். வாங்க வந்தவர் மாட்டின் வாயைத் திறந்து பல்லை எண்ணுவார், சுழி பார்ப்பார், நான்கு அடி நடக்கவிட்டுப் பார்ப்பார். விற்பவர் இதற்காகக் கோபித்துக்கொள்வதில்லை. இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆகவே சோதித்துப் பார்ப்பது அங்கே முறையாகிவிட்டது.

நமக்குள் நடப்பது இதற்கு நேர்மாறு. "அண்ணா, இது நல்லா ஓடுமா?" என்று கேட்பதோடு முதலாண்டு மாணவனின் சோதனை முடிந்துவிடுகிறது. பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால் அண்ணன் தவறாக நினைத்துக்கொள்வாரோ என்று கூசுகிறான். அறியாதவர்களின் சந்தையில் கண் வேலை செய்கிறது. அறிந்தவர்களின் சந்தையில் கண்ணை மூடிக்கொள்கிறோம். எனவே, ஏமாற்ற நினைப்பவனுக்கு அறிந்தவர்களின் சந்தையே எளிய இடமாகிவிடுகிறது.

சட்டம் சொல்லும் குதிரைக் கதை

சட்டம் நம்மைக் காக்காதா எனலாம். 1930ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டம் சிலவற்றை உறுதியாகச் சொல்கிறது. விற்பவருக்குப் பொருளை விற்கும் உரிமை இருக்க வேண்டும். விவரம் சொல்லி விற்றால் பொருள் அவ்விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். ஆனால் தரத்தைப் பொறுத்தவரை, சில விலக்குகள் நீங்கலாக, பார்த்து வாங்க வேண்டியது வாங்குபவர் பொறுப்பே. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிகரிடம் வாங்குவோரை மனத்தில் கொண்டு எழுந்தது. தன் பழைய புத்தகத்தை ஒருமுறை விற்கும் மாணவர் வணிகர் அல்லர்.

எனினும் அவற்றினும் பழைய சட்டமொன்றில் நமக்கென்றே எழுதியதுபோல் ஒரு செய்தி இருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மோசடி என்றால் என்ன என்று விளக்கும் பிரிவு. அதில் எடுத்துக்காட்டாக ஒரு குதிரை வருகிறது. ஒருவர் தம் குதிரை குறையுள்ளது என்று தெரிந்தும் வாய் திறவாமல் ஏலத்தில் அதை விற்கிறார். இது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அடுத்த எடுத்துக்காட்டில் குதிரையும் மௌனமும் அவையே; வாங்குபவர் மட்டும் வேறு. அப்பொழுதுதான் உரிய வயதடைந்த விற்பவரின் மகள் அவள். இங்கே உறவின் காரணமாகக் குறையைச் சொல்ல வேண்டிய கடமை விற்பவருக்கு உண்டு என்கிறது அதே சட்டம். மூன்றாவதாக இன்னொன்று: "நீர் மறுக்காவிட்டால் குதிரை நல்லது என்றே கொள்வேன்" என்று வாங்குபவர் சொல்ல, விற்பவர் பேசாதிருந்தால் அந்த மௌனமே பேச்சுக்குச் சமம்.

இதை நாம் ஆழ்ந்து நோக்க வேண்டும். அயலானிடம் மன்னிக்கப்படும் மௌனம் நம்மவரிடம் மன்னிக்கப்படுவதில்லை. உறவு நெருங்க நெருங்கச் சொல்ல வேண்டிய கடமை கூடுகிறதே அன்றிக் குறைவதில்லை. நாமோ தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறோம்: "தெரிந்த பையன்தானே, என்ன கேட்டுவிடப் போகிறான்?" நம் கல்லூரியில் மூத்தவரை "அண்ணா" என்றும் "அக்கா" என்றும் அழைக்கிறோம். அந்த அழைப்பை நீதிமன்றம் உறவாக ஏற்குமா என்பதன்று என் கேள்வி. அழைக்கப்பட்டவர் ஏற்க வேண்டாவா? "அண்ணா, நல்லா ஓடுமா?" என்று கேட்டவனுக்கு முன் பேசாமல் நிற்பது, ஓடும் என்று பொய் சொல்வதற்குச் சமம் அன்றோ?

சுழிப்பிழை

இயற்பியல் ஆய்வகத்தில் நாங்கள் முதன்முதலில் கற்றுக்கொள்வது ஒன்று உண்டு. வெர்னியர் அளவியையோ திருகு அளவியையோ கையில் எடுத்ததும் முதலில் சுழிப்பிழையைக் காண வேண்டும். பிழையுள்ள கருவியைத் தூக்கி எறிவதில்லை. பிழை இத்தனை என்று குறித்துக்கொண்டு அளவீட்டைத் திருத்திக்கொள்கிறோம். விடை சரியாகவே வருகிறது. பிழையைக் குறிக்காமல் விட்டாலோ, எத்தனை முறை அளந்தாலும் அத்தனையும் தவறு.

பழைய பொருளின் குறையும் இத்தகையதே. பழையது என்றால் குறை இருக்கும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. சைக்கிளின் பின்பிரேக் பிடிக்காது என்று சொன்னால் அதற்கேற்ப நூறு ரூபாய் குறையும். வாங்குபவன் கடையில் கொடுத்துச் சரிசெய்துகொள்வான். சொல்லாமல் விட்டால் அவன் அதை அறிந்துகொள்வது பேருந்து நிலையத்து இறக்கத்தில்!

கண்ணுக்குத் தெரியாத குறையே மிகக் கொடியது. பாடத்திட்டம் மாறிய பின் பழைய பாடத்திட்டத்து நூலை முழு விலைக்கு விற்பதை எடுத்துக்கொள்வோம். அட்டை புதிது, பக்கங்கள் ஒழுங்கு, படத்தில் பார்த்தால் பளபளக்கிறது. இனி அதில் பாதி தேர்வுக்கு வராது என்பது விற்பவருக்குத் தெரியும். வாங்குபவனுக்குத் தெரியாது. படித்த அண்ணனோ அக்காளோ வீட்டில் இருந்தால் கேட்டறிந்திருப்பான். என்னைப் போல் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்களுக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. கல்லூரியில் காணும் அண்ணனும் அக்காளுமே அவர்களுக்குக் கதி. அவர்களே மறைத்தால் வேறு யாரைக் கேட்பது?

ஒருவர் மறைத்தால் ஊருக்கே நட்டம்

ஒருவன் ஏமாந்தான், ஒருவன் ஆதாயம் பெற்றான், அத்துடன் முடிந்தது என்று எண்ணுவது தவறு. 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பழைய கார்ச் சந்தையை வைத்து இதை ஒரு கட்டுரையில் விளக்கினார். 2001இல் பொருளியலுக்கான நோபல் பரிசை மற்றிருவருடன் பகிர்ந்துகொண்டவர் அவர். அவர் கருத்தை நம் கணக்கில் சொல்கிறேன். நல்ல கால்குலேட்டர் 600 ரூபாய் பெறும். பழுதானது 200 பெறும் என்று வைத்துக்கொள்வோம். எது நல்லது எனத் தெரியாதவன் அஞ்சி 400தான் கொடுப்பான். 600 பெறும் பொருளை வைத்திருப்பவர் 400க்குத் தர மனமின்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார். சந்தையில் எஞ்சுவது பழுதானவை மட்டுமே. அதன்பின் 400 கொடுக்கவும் ஆள் இருக்காது. நல்லவை பெட்டிக்குள் உறங்கும். தேவைப்படுவோர் கடன் வாங்கிப் புதியது வாங்குவர். ஒரு சிலரின் மௌனம் ஒரு சந்தையையே கொன்றுவிடும்.

இரு பக்கமும் கடமை

விற்போர் குறையை முதலில் சொல்ல வேண்டும். கேட்டால்தான் சொல்வேன் என்பது நாணயம் ஆகாது. தமக்குச் சொந்தமானதையே விற்க வேண்டும். நூலக முத்திரை உள்ள நூலை விற்க எவருக்கும் உரிமையில்லை. முதலில் கேட்டவருக்குத் தருவதாகச் சொல்லிவிட்டு, ஐம்பது ரூபாய் கூடக் கிடைக்கிறது என்று அடுத்தவருக்குக் கைமாற்றக் கூடாது. மூத்தவர் என்னும் தோரணையைக் காட்டி வேண்டாத பொருளை இளையவர் தலையில் கட்டுவது வியாபாரம் அன்று, வழிப்பறி.

வாங்குவோர்க்கும் ஒழுங்கு உண்டு. விலை பேசி முடித்த பிறகு, பொருளைக் கையில் வாங்கும் நேரத்தில் "இவ்வளவுதான் இருக்கிறது" என்று தொகையைக் குறைப்பது அநாகரிகம். "அடுத்த மாதம் தருகிறேன்" என்று இழுத்தடிப்பதும், வருவதாகச் சொல்லி ஒருவரைக் காக்க வைப்பதும் அவ்வாறே. தமக்கு எல்லாக் குறையும் சொல்லி விற்றவரைப் பிறகு குறைகூறித் திரிவதும் தகாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சோதித்து வாங்க வேண்டும். சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் சிலம்புக்குள் இருந்தது மாணிக்கம். அரசியின் சிலம்புக்குள் இருந்தது முத்து. உள்ளே இருப்பது என்ன என்னும் ஒரு கேள்வி முன்பே எழுந்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான். கேள்வி எழத்தான் செய்தது. கொலை நடந்த பிறகு! கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்பது யாரையும் அவமதிப்பது ஆகாது.

கைப்பேசி வாங்குவோர் நட்சத்திரக் குறி, சதுரக் குறி, 06, மீண்டும் சதுரக் குறி என்று அழுத்தினால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் திரையில் வரும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2023இல் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தின் வழியே, அந்தக் கைப்பேசி முடக்கப்பட்டதா என்று அந்த எண்ணைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். யு.பி.ஐ. வழியாகப் பணம் பெற இரகசிய எண் தேவையே இல்லை, அனுப்புவதற்குத்தான் தேவை. "பணம் வர எண்ணைப் போடு" என்று நண்பன் பெயரில் செய்தி வந்தாலும் போடக் கூடாது. நண்பனின் படத்தை ஒட்டிக்கொண்டு எவரும் வரலாம் அல்லவா? பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழைக்க வேண்டும்.

நட்புக்குள் சீட்டா?

நண்பர்களுக்குள் எழுதி வாங்குவது நட்பையே சந்தேகிப்பது ஆகாதா என்று கேட்போர் உண்டு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் பழமொழி. தாய்மீது சந்தேகம் கொண்டு எழுந்த மொழியன்று அது. கணக்கை அன்போடு குழப்பிக்கொண்டால் இரண்டும் கெடும் என்று பட்டறிந்து சொன்னது. எழுதிய சீட்டால் நட்பு முறிந்ததை நான் கண்டதில்லை. எழுதாத கணக்கால் ஒரே விடுதி அறையில் இருவர் ஓராண்டு முழுதும் பேசாதிருந்ததைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே ஒரு யோசனையைப் பேராசிரியப் பெருமக்கள் முன்னும் மாணவ நண்பர்கள் முன்னும் வைக்கிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் துறைதோறும் இரண்டு நாள் ஒரு மேசை போடுவோம். விற்கும் பொருளோடு ஒரு சீட்டு இருக்கட்டும். அதில் பொருளின் பெயர், விலை, தெரிந்த குறைகள், விற்பவர் கையொப்பம் ஆகிய நான்கும் போதும். சொல்லாத குறை தென்பட்டால் மூன்று நாளைக்குள் பொருளும் பணமும் கைமாறித் திரும்பட்டும். மாணவியர் தம் கைப்பேசி எண்ணை எல்லாருக்கும் கொடுக்காமலே பகல் வெளிச்சத்தில், நாலு பேர் முன்னிலையில் வாங்கவும் விற்கவும் அந்த மேசை உதவும். இதற்குச் செலவு இல்லை. தனி ஆணையும் வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

மூன்றாண்டு கழித்து நாம் ஒவ்வொருவரும் பட்டத்தோடு வெளியேறப் போகிறோம். நாம் விட்டுச்செல்லும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நம் பெயர் இருக்கும். அதை வாங்கிப் படிக்கும் முகமறியாத தம்பியோ தங்கையோ அந்தப் பெயரைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்கள்? விலை குறைவாக இருந்தாலும், குறை நிறைவாகச் சொல்லப்பட்டிருக்கட்டும். அதுவே நம்மவர்க்குள் நாம் வழங்க வேண்டிய நாணயம்!