ஜார்ஜ் டவுன் மரபுச் சின்னங்கள்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
ஜார்ஜ் டவுன், சென்னை – 600 001.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 600 003.

பொருள்: ஜார்ஜ் டவுனில் கவனிப்பாரற்ற வரலாற்றுச் சின்னங்களுக்குப் பெயர்ப்பலகையும் பராமரிப்பும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

எங்கள் பகுதியின் பழஞ்சின்னங்கள் பல அன்றாடம் நாங்கள் நடக்கும் வழியிலேயே உள்ளன. ஆனால் அவை இன்னவை என்று பலருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைக் காக்க யாரும் முன்வர மாட்டார்கள் என்பதாலேயே இம்மனுவை அளிக்கிறோம்.

லாலியின் பிரெஞ்சுப் படை 1758–59-இல் புனித ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்ட பின், கோட்டையைச் சுற்றி வீடு கட்டக் கூடாத வெட்டவெளி ஒன்றைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒதுக்கியது. அதன் எல்லையாக 1773-இல் நட்ட ஆறு தூண்களில் எஞ்சிய ஒன்று, பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி நிற்கிறது. பேருந்துக்கு ஓடுபவர் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னையின் மீது குண்டு வீசியதைச் சொல்லும் கல்வெட்டு உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் உள்ளது. அதே வளாகத்தினுள், 1844 முதல் கப்பல்களுக்கு வழிகாட்டிய கல்தூண் கலங்கரை விளக்கம் இருக்கிறது. மைசூரின் ஹைதர் அலிக்கு அஞ்சி எழுப்பிய நகர மதிலின் மிச்சம், பழைய சிறைச்சாலைச் சாலையில் மாடிப் பூங்காவாக உள்ளது.

எங்கள் கோரிக்கைகள்:

1. இந்நான்கு இடங்களிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் விளக்கப் பலகை வைக்க வேண்டும்.

2. எல்லைத் தூண், எம்டன் கல்வெட்டு ஆகியவற்றின் முன் வாகனம் நிறுத்துவதையும் சுவரொட்டி ஒட்டுவதையும் தடுக்க வேண்டும். நடைபாதை வியாபாரிகள் யாரையாவது நகர்த்த நேர்ந்தால், பிழைப்புக் கெடாதபடி அருகிலேயே மாற்றிடம் தர வேண்டும்.

3. மாடிப் பூங்காவின் பழைய சுவரில் தொல்லியல் துறையின் மேற்பார்வையின்றிச் சிமென்ட் பூச்சோ வண்ணமோ பூசக் கூடாது.

4. உயர் நீதிமன்றத்தின் அனுமதி பெற்று, மாதம் ஒரு விடுமுறை நாளில் மாநகராட்சிப் பள்ளி மாணவர்கள் பழைய கலங்கரை விளக்கத்தைக் காண ஏற்பாடு செய்ய வேண்டும்.

5. மழைநீர் வடிகால், கேபிள் பணிகளுக்குப் பள்ளம் தோண்டும்முன் ஒப்பந்ததாரருக்கு இவ்விடங்களின் வரைபடம் வழங்க வேண்டும்.

முதல் இரு பணிகளையேனும் ஆகஸ்ட் 22, சென்னை தினத்துக்குள் முடித்துத் தருமாறு வேண்டுகிறோம். பலகைகளுக்கான வாசகங்களைத் தொல்லியல் துறையின் ஒப்புதலுக்கு உட்பட்டுக் கட்டணமின்றி எழுதித் தரச் சங்கம் தயார். தாங்கள் குறிக்கும் நாளில் மண்டல அலுவலருடன் இவ்விடங்களைப் பார்வையிட எங்கள் நிர்வாகிகள் வருவார்கள்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர்

நகல்: ஆணையர், தொல்லியல் துறை; உறுப்பினர் செயலர், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்.