அளவறிந்து ஓடும் வாகனம்

மொபெட்டுக்கும் கனத்த மோட்டார் சைக்கிளுக்கும் நடுவே நிற்பது ஸ்கூட்டர். மொபெட்டைப் போல மேடேறும்போது மூச்சு வாங்குவதில்லை. புல்லட்டைப் போலத் தெருவையே அதிரச் செய்வதுமில்லை. நூற்றைம்பது சி.சி. எஞ்சின், சிறிய சக்கரங்கள், அகன்ற இருக்கை, கால் வைக்கச் சமதளம். இவ்வளவே அதன் இலக்கணம். ஆயினும் நம் தலைமுறையினர் பலருக்கு அது வெறும் இயந்திரமாக இருந்ததில்லை. வீட்டில் ஒருவராகவே இருந்தது.

இதன் பிறப்பு இத்தாலி நாட்டில். இரண்டாம் உலகப் போருக்கு முன் விமானங்கள் செய்துவந்த பியாஜியோ நிறுவனத்தின் பொன்தெதேரா தொழிற்சாலை, போரில் குண்டு வீச்சுக்கு இரையாயிற்று. போர் ஓய்ந்தபின் எளிய மக்களுக்கு மலிவான வாகனம் ஒன்று தர விரும்பிய அந்நிறுவனம், கொர்ராதீனோ தஸ்கானியோ என்ற விமானப் பொறியாளரிடம் அப்பணியை ஒப்படைத்தது. அவருக்கோ மோட்டார் சைக்கிளைக் கண்டாலே பிடிக்காது. எனவே அதன் குறைகளை ஒவ்வொன்றாக நீக்கினார். எண்ணெய்க் கறை உடையில் படாதபடி எஞ்சினைத் தகட்டால் மூடினார். காலைத் தூக்கிப் போடாமல் ஏறி அமர முன்புறத்தைத் திறந்து வைத்தார். கியரைக் கைப்பிடியிலேயே அமைத்தார். விமானத்தின் தரையிறங்கு சக்கரத்தைப் போல, முன்சக்கரத்தை ஒரு பக்கத்துத் தாங்கியில் மட்டும் பொருத்தினார். அதனால் சக்கரத்தைக் கழற்றி மாட்டுதல் எளிதாயிற்று. 1946-ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வண்டிக்கு இட்ட பெயர் வெஸ்பா. இத்தாலிய மொழியில் குளவி என்று பொருள்.

இத்தாலியப் பெண்மணிகளின் பாவாடையை எண்ணித் திறந்து வைத்த அந்த முன்புறம், நம் நாட்டில் வேட்டி கட்டியவர்களுக்கும் புடவை உடுத்தியவர்களுக்கும் எத்துணைப் பொருத்தமாக அமைந்துவிட்டது! பியாஜியோவின் உரிமம் பெற்று 1960-களில் வெஸ்பாவைத் தயாரித்த பஜாஜ் நிறுவனம், 1972-இல் மேவார் மன்னர் ராணா பிரதாப்பின் குதிரையுடைய பெயரைச் சூட்டி ‘சேத்தக்’ வண்டியை வெளியிட்டது. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுப் பல ஆண்டுகள் காத்திருந்த காலம் அது. வண்டி வீடு வந்த நாளில் மஞ்சள் குங்குமம் இட்டு, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, முதல் பயணமாகக் கோயிலுக்குச் சென்று வந்த குடும்பங்கள் எத்தனையோ!

அவ்வண்டியை ஓட்டுவதில் ஒரு தனிச்சுகம் இருந்தது. கிளட்சைப் பிடித்து இடக்கைப் பிடியை முறுக்கினால் ‘டக்’ என்று கியர் விழும் ஓசை. எண்ணெய் கலந்த பெட்ரோலின் புகைமணம். கிளம்ப மறுத்தால் ஒருபுறம் சாய்த்துப் பிடித்து மீண்டும் உதைக்கும் வித்தை. பஞ்சரானால் கவலை வேண்டாமென்று பின்னால் காத்திருந்த ஸ்டெப்னி. காலடியில் காய்கறிப் பை, பின்னிருக்கையில் இல்லாள். வேகம் நாற்பதைத் தாண்டாது. அதனாலேயே வேப்பம்பூ வாசனையும் தெரியும். எதிரே வரும் நண்பரின் முகமும் தெரியும். நின்று நலம் விசாரிக்கவும் இயலும். காரில் செல்பவர் ஊரைக் கடந்து போகிறார். ஸ்கூட்டரில் செல்பவரோ ஊருக்குள் செல்கிறார்.

இன்று கியரின்றி, பொத்தானை அழுத்தினால் கிளம்பும் ஸ்கூட்டர்கள் வந்துவிட்டன. முழங்கால் நோவுள்ளவர்களும் அவற்றை எளிதில் ஓட்டலாம். ஆகவேதான் முதியோர் உள்ள வீடுகளில் ஒரு வினாவும் எழுகிறது. “அப்பா, இனிமேல் வண்டியை எடுக்காதீங்க” என்கிறான் மகன். தந்தையின் முகம் வாடுகிறது. சாவியைக் கொடுத்துவிட்டால் மருந்து வாங்கவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டுமே என்பது அவர் துயரம். அத்துயரம் நியாயமானது, மகனின் அச்சமும் நியாயமானதே.

இருவரும் வயதை வைத்து வாதிடாமல், உடலின் நிலையை வைத்து முடிவு செய்வது நலம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடி தயங்கினால் வண்டி பதினோரு மீட்டர் ஓடிவிடும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க இயல்கிறதா? பிறர் உதவியின்றி வண்டியை ஸ்டாண்டு போட முடிகிறதா? எதிர்விளக்கு கண்ணைக் கூசச் செய்கிறதா? மருந்தினால் தலைசுற்றல் உண்டா? இவற்றை ஒருவர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். ஐம்பத்தைந்து வயதுக்குமேல் ஓட்டுநர் உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மருத்துவச் சான்றுடன் புதுப்பிக்கச் சட்டம் சொல்கிறது. அச்சான்றைச் சடங்காக வாங்காமல், கண்ணையும் காதையும் உண்மையாகவே சோதித்துக்கொள்ளுங்கள். தலைக்கவசத்தை ஓட்டுபவர் மட்டுமன்றிப் பின்னால் அமர்பவரும் அணிதல் வேண்டும்.

விடுவதையும் படிப்படியாகச் செய்யலாம். முதலில் இரவுப் பயணம், பின்னர் நெடுஞ்சாலை, அதன்பின் மழைநாள் என ஒவ்வொன்றாகக் கைவிட்டு, காலை வேளையில் தெரிந்த தெருக்களில் மட்டும் ஓட்டி வரலாம். பிறர் பறிக்கும்முன் தாமே சாவியை நீட்டுபவருக்கு வருத்தம் குறைவு. வீட்டில் மதிப்பும் குறையாது. பிள்ளைகளும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். சாவியை வாங்கிக்கொள்பவர், “எங்கேப்பா போகணும், வாங்க” என்று தாமே அழைக்கும் கடமையையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். முன்னே நின்றபடி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு வந்த பிள்ளை இன்று ஓட்ட, பின்னால் அமர்ந்து காற்று வாங்கிச் செல்வதும் அந்த ஸ்கூட்டர் தரும் இன்பங்களுள் ஒன்றுதான், அன்பர்களே!