நடுவழியில் மறையும் நதி

ஐரோப்பாவின் வரைபடத்தில் டான்யூப் நதியைத் தேடிப் பாருங்கள். வோல்காவுக்கு அடுத்தபடியாக அக்கண்டத்தின் மிக நீளமான நதி இதுதான். தென்மேற்கு ஜெர்மனியில் கருங்காடு எனப்படும் மலைப்பகுதியிலிருந்து ப்ரெக், ப்ரிகாக் என்ற இரண்டு சிற்றாறுகள் இறங்கி வருகின்றன. அவை கூடும் இடத்திலிருந்து டான்யூப் என்ற பெயர் தொடங்குகிறது. சுமார் 2,850 கி.மீ. ஓடி, 10 நாடுகளைத் தொட்டு, வியன்னா, பிராட்டிஸ்லாவா, புடாபெஸ்ட், பெல்கிரேட் என்று நான்கு தலைநகரங்களைப் பார்த்துவிட்டு, கருங்கடலில் கலக்கிறது.

ஆனால் புறப்பட்ட கொஞ்ச தூரத்திலேயே இந்த நதி ஒரு வேடிக்கை செய்கிறது. இம்மெண்டிங்கன் என்ற ஊர் அருகே தண்ணீர் தரைக்குள் மறைந்துவிடுகிறது! ஆண்டில் பல நாட்கள் அங்கே வெறும் கூழாங்கற்கள்தான். ஆற்றின் நடுவே செருப்புக்கூட நனையாமல் நடக்கலாம். இன்னும் கீழே வேறு ஓடைகள் வந்து சேர்ந்த பிறகுதான் நதிக்கு மீண்டும் உயிர் வருகிறது.

காரணம், அடியில் இருப்பது சுண்ணாம்புப் பாறை. மழைநீர் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துப் பொந்துகளையும் குகைகளையும் உண்டாக்குகிறது. ஆற்று நீர் அவற்றின் வழியே இறங்கிவிடுகிறது.

இறங்கிய நீர் எங்கே போகிறது? சுமார் 12 கி.மீ. தெற்கே, ஆக் என்ற ஊரில் பெரிய ஊற்று ஒன்று இருக்கிறது. 1877இல் அடால்ஃப் க்னோப் என்ற நிலவியல் அறிஞர், டான்யூப் மறையும் இடத்தில் டன் கணக்கில் உப்பையும் ஒரு சாயத்தையும் கொட்டினார். இரண்டரை நாள் கழித்து ஊற்றில் பச்சை நிறத்தில் உப்புத் தண்ணீர் வந்தது. குட்டு வெளிப்பட்டது!

அந்த ஊற்று நீர் கான்ஸ்டன்ஸ் ஏரிக்குப் போகிறது. ஏரி வழியே ஓடும் ரைன் நதி அதை வடகடலில் கொண்டு சேர்க்கிறது. ஒரே நதியின் நீர், இரண்டு திசைகளில் இரண்டு கடல்களுக்கு!

வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான் இது விளையாட்டு. டான்யூப் கரை ஆலைகளுக்குத் தண்ணீர் போதவில்லை. பொந்துகளை அடைத்துவிட நினைத்தார்கள். அடைத்தால் ஊற்று நீரை நம்பியிருந்த ஆலைகள் என்ன ஆவது? அப்போது தனித்தனி மாநிலங்களாக இருந்த வுர்ட்டம்பர்க்கும் பாடனும் வழக்காடின. இயற்கையாக மறையும் நீரின் அளவை ஒருவர் செயற்கையாகக் கூட்டக்கூடாது, மற்றவர் குறைக்கக்கூடாது என்று 1927இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நதிநீர்ச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். 1952இல் இரு பகுதிகளும் ஒரே மாநிலமாகிவிட்டன.

பாறை மட்டும் இன்னமும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. பொந்துகள் பெரிதாகிக்கொண்டே போனால், டான்யூபின் தலைப்பகுதி நீர் முழுவதும் என்றாவது ஒரு நாள் ரைனுக்குப் போய்விடக்கூடும். வரைபடத்தில் நீலக்கோடு போட்டுவிட்டால் மட்டும் நதி அங்கேயே நின்றுவிடுமா, என்ன?